மூன்று கொட்டேஷன், ஒரு கட்டடம்: போடியில் ஏசி தேர்ந்தெடுத்த கதை

பொட்டிபுரம் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "நியூட்ரினோ ஊர்தானே?" என்பதுதான். தேனி மாவட்டம், போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஊர். மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்பை அடுக்கி ஆராய்ச்சி செய்யப்போவதாகத் திட்டம் வந்ததும், ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்ததும், வழக்குகள் நடந்ததும், தமிழக அரசே வேண்டாம் என்று சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்த செய்திகள்.

அந்த ஊரைச் சேர்ந்த ஓர் ஏலக்காய் வியாபாரிக்கு 60 வயதில் வந்த கேள்வி வேறு. "எந்த ஏசி போடுறது?"

வீட்டுக்கு என்றால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இது போடி மெயின் ரோட்டில் அவர் கட்டும் மூன்று தளக் கட்டடம். கீழே அவருடைய ஏலக்காய்க் கடை, பின்னால் குடோன். முதல் மாடியில் பல் மருத்துவமனை வருகிறது. இரண்டாம் மாடியை டியூஷன் சென்டர் கேட்டிருக்கிறது. முப்பது வருடம் சேர்த்த பணம் போக, மீதி வங்கிக் கடன். இனி அந்த வாடகைதான் வருமானம். ஏசியில் தப்புக் கணக்குப் போட்டால் வாடகைக்கு வந்தவர்கள் காலி செய்துவிடுவார்கள், தவணை மட்டும் நிற்கும்.

பூச்சு வேலை தொடங்கும் முன்பே மூன்று கொட்டேஷன்கள் கைக்கு வந்துவிட்டன.

முதலாவது, ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி ஏசி. சுவரில் மாட்டும் ஸ்பிளிட், அல்லது சீலிங்கில் பதித்து நான்கு பக்கமும் காற்று விடும் கேசட். இரண்டாவது வி.ஆர்.எஃப்.: மாடியில் ஒரே பெரிய அவுட்டோர் யூனிட், அதிலிருந்து செம்புக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் கேஸ் போகும். எந்த அறையில் எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் ஓடும். மூன்றாவது, எல்லோரும் 'சென்ட்ரல் ஏசி' என்று சொல்வது. ஓர் இடத்தில் குளிர்ந்த காற்று, தகரக் குழாய் வழியாக எல்லாத் தளங்களுக்கும் போகும்.

அவருக்குப் பிடித்தது மூன்றாவது. கூடவே முகப்பு முழுக்கக் கண்ணாடி. "மதுரையில எல்லாம் அப்படித்தானே கட்டுறாங்க" என்றார். இன்ஜினீயரிங் படித்த மகள் மட்டும் கொட்டேஷனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்பா, இவங்க மூணு பேருமே யாரு எத்தனை மணிக்கு வருவாங்கன்னு கேக்கவே இல்லையே?"

டன் என்பது எடை அல்ல

மூன்று பேரும் செய்தது ஒன்றுதான். சதுர அடியை 150-ஆல் வகுத்து, இத்தனை டன் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் ஆறு பேர் உட்காரும் பல் மருத்துவமனைக்கும் 40 பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்கும் ஒரே கணக்கு எப்படிச் சரியாகும்?

ஏசியில் டன் என்பது பனிக்கட்டிக் காலத்திலிருந்து வந்த சொல். சுமார் 900 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஒரு டன். இன்றைய கணக்கில் சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடும். 40 பிள்ளைகள் என்றால் 4 கிலோவாட். வெயில், விளக்கு, மின்விசிறி எதையும் சேர்க்காமலே ஒரு டன்னுக்கு மேல் போய்விட்டது.

இதை அப்பாவுக்குப் புரியவைக்க மகள் சொந்த ஊர் மலையையே உதாரணமாக எடுத்தார். "மலைக்குள்ள வெயில் படாது. ஆனா அந்த நியூட்ரினோ கருவி நிஜமா வந்திருந்தா அங்கயும் குளுமை பண்ணித்தான் ஆகணும். காந்தத்துக்குப் போற கரன்ட்டும் எலெக்ட்ரானிக்ஸும் சூடு கிளப்பும். வெப்பமும் ஈரப்பதமும் ஏறி இறங்குனா கருவி கணக்கு தப்பிடும்."

ஆக, ஒரு கட்டடத்துக்குள் வெப்பம் மூன்று வழியாக வருகிறது: வெளியிலிருந்து சுவர், கூரை, கண்ணாடி வழியாக, உள்ளே இருக்கும் மனிதர்களிடமிருந்தும் இயந்திரங்களிடமிருந்தும், கதவு திறக்கும்போதும் புதுக் காற்று வரும்போதும். மலைக்குகைக்கு முதல் வழி கிடையாது. போடி மெயின் ரோட்டுக் கடைக்கு மூன்றும் உண்டு.

ஏலக்காய் வாசம் மாடி ஏறினால்

சென்ட்ரல் ஏசி கொட்டேஷன் விழுந்தது விலையால் அல்ல, வாசத்தால்.

எல்லாத் தளங்களின் காற்றும் ஒரே இயந்திரத்துக்குத் திரும்பி வந்து, குளிர்ந்து, மறுபடி எல்லாத் தளங்களுக்கும் போகும் அமைப்பு அது. கீழே மூட்டை பிரித்தால் ஏலக்காய் வாசம் பல் மருத்துவமனை நாற்காலி வரை போகும். மேலே அடிக்கும் மருந்து வாசம் கீழே ஏலக்காய்க்கு வரும். நாலு பேர் முகர்ந்து பார்த்து விலை சொல்லும் சரக்குக்கு அது ஆகாது.

ஏலக்காய்க்குக் குளிர் தேவையா என்பதே அடுத்த கேள்வி. போடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: காய்க்கு எதிரி ஈரமும் வெளிச்சமும்தான். ஈரம் பத்து சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், பச்சை வெளுக்காமல் இருக்க இருட்டு வேண்டும். கறுப்பு பாலித்தீன் உள்ளே வைத்த சாக்கும், வெளிச்சம் புகாத காய்ந்த குடோனும் போதும். பகலெல்லாம் ஏசி ஓடி இரவில் நின்றால், குளிர்ந்த அறைக்குள் வெளிக்காற்று புகுந்து ஈரம் படியும் ஆபத்துதான் மிச்சம்.

ஏசி பிறந்த கதையே ஈரத்தில்தான் தொடங்குகிறது. 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்கி, கலர் அச்சு விலகிக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் வடிவமைத்ததுதான் நவீன ஏசியின் தொடக்கம். முதலில் சுகம் கண்டது மனிதர்கள் அல்ல, காகிதம்.

குடோன் கணக்கிலிருந்து வெளியேறியது. ஒரு பெரிய செலவு அங்கேயே மிச்சம்.

ஹைதராபாத்தில் பாதிப் பாதி

"அப்போ வி.ஆர்.எஃப். போட்டுருவோமா?" என்றார் அப்பா. பெரிய நிறுவனங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று தேடிய மகளுக்குக் கிடைத்தது இன்ஃபோசிஸ் கதை.

2011-ல் ஹைதராபாத் வளாகத்தில் கட்டிய ஓர் அலுவலகக் கட்டடத்தை அந்த நிறுவனம் இரண்டு சம பாதியாகப் பிரித்தது. ஒரு பாதியில் வழக்கமான, குழாயில் குளிர்காற்று அனுப்பும் ஏசி. மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள்ளேயே குழாய் பதித்து, அதில் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டார்கள். மூச்சுக்கான புதுக் காற்றுக்கு மட்டும் தனியாகச் சிறிய அமைப்பு. ஒரே வெயில், ஒரே மாதிரி சுவர், ஒரே மாதிரி வேலை. இரண்டு வருடம் மின்சாரத்தை அளந்து பார்த்ததில், தண்ணீர்ப் பாதி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாகச் செலவழித்திருந்தது. கட்டும்போது ஆன செலவும் கூடவில்லை. காற்றைவிடத் தண்ணீர் மிகக் குறைந்த இடத்தில் மிக அதிக வெப்பத்தைச் சுமக்கும் என்பதுதான் ரகசியம்.

போடிக் கட்டடத்துக்கு அது பொருந்தாது. தளம் ஏற்கெனவே போட்டாயிற்று. கதவு நாள் முழுக்கத் திறந்து மூடும் கடையில் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்த கூரையில் வியர்த்துச் சொட்டும். ஆனால் அந்தக் கதையில் எடுத்துக்கொள்ள இன்னொன்று இருந்தது. இரண்டு பாதியிலுமே அவர்கள் முதலில் வெயிலைத் தடுத்துவிட்டுத்தான் இயந்திரத்துக்கே போனார்கள்.

அப்பாவின் கண்ணாடி முகப்பு பார்ப்பது மேற்கே. மலையை நோக்கி அழகாகத்தான் இருக்கும். ஆனால் சாதாரணக் கண்ணாடி, தன் மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். மாலை நேரத்து வெயில் நேராக டியூஷன் பிள்ளைகள் மேல் விழும். ஏசி கடையில் வாங்கும் டன்னில் பாதியைக் கண்ணாடிக் கடையில் தீர்மானிக்கிறோம் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. கடையில் ஏசி எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கிலோவாட் லோடு வாங்க வேண்டும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு நிலைக்கட்டணம் உண்டு. வீட்டு இணைப்பில் கிடைக்கும் இலவச யூனிட்டும் கடைக்குக் கிடையாது.

இரண்டு நாள் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கொத்தனாரிடம், "மேக்கால சுவரு எழுப்புப்பா. ஜன்னலுக்கு மேல ரெண்டடி சன்ஷேடு நீட்டிவிடு" என்றார்.

குளிர் வேறு, காற்று வேறு

வி.ஆர்.எஃப். நல்ல தொழில்நுட்பம்தான். ஒரே முதலாளி நடத்தும் ஹோட்டலுக்கோ அலுவலகத்துக்கோ அருமையாகப் பொருந்தும். இங்கே மூன்று வாடகைதாரர்கள், மூன்று நேரங்கள். கடை காலையில், மருத்துவமனை காலையும் மாலையும், டியூஷன் மாலையில் மட்டும். ஒரே அவுட்டோர் யூனிட் என்றால் ஒரே மீட்டர். "உன் பங்கு இவ்வளவு" என்று மாதாமாதம் பில் பிரிக்கும் வேலை வீட்டுக்காரர் தலையில் விழும். எங்காவது கேஸ் கசிந்தால் மூன்று தளமும் ஒன்றாக நிற்கும்.

தனித்தனி ஏசியிலும் ஒரு குறை உண்டு. சாதாரண ஸ்பிளிட், அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கும். புதுக் காற்று ஒரு துளி வராது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில் ஓர் உணவகத்தில், வெளிக்காற்று வராத ஏசி அறையில் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் சாப்பிட்ட மூன்று குடும்பங்களைச் சேர்ந்த பத்துப் பேருக்குக் கொரோனா வந்தது. பல் மருத்துவமனை என்றால் எல்லோரும் வாய் திறந்திருக்கும் இடம். டியூஷன் என்றால் கதவை அடைத்துக்கொண்டு 40 பேர் மூச்சு விடும் இடம். ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வருவதற்குப் பாடம் மட்டும் காரணம் அல்ல.

கடைசியில் போட்டது என்ன?

தனித்தனி ஏசி, தனித்தனி மீட்டர். கடையின் முன்பகுதிக்கு மட்டும் ஒரு இன்வெர்ட்டர் கேசட். மருத்துவமனைக்கு அறைக்கு ஒரு ஸ்பிளிட், கூடவே வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் ஃபேன். டியூஷனுக்கு இரண்டு கேசட், அதே மாதிரி புதுக்காற்று ஃபேன், எதிரெதிரே பெரிய ஜன்னல்கள். மலைக்காற்று இறங்கும் மாலைகளில் ஜன்னலைத் திறந்தாலே பல நாள் போதும். மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் டைல்ஸ்.

வாங்கும்போது மகள் பார்த்தது இரண்டே விஷயம். ஒன்று, ஸ்டார் ஸ்டிக்கரில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண், அது எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மின்சாரம் மிச்சம். இரண்டு, உள்ளே இருக்கும் கேஸ். பூமியைச் சூடாக்கும் கேஸ்களைக் குறைப்பதற்கான கிகாலி ஒப்பந்தத்தை 2021-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. 2032-லிருந்து இங்கே படிப்படியாகக் குறைப்பார்கள். பழைய ஆர்-410ஏ கேஸைவிட ஆர்-32-ன் பாதிப்பு மூன்றில் ஒரு பங்குதான். பத்து வருடம் ஓட்டப்போகும் பொருளுக்கு நாளை கேஸ் கிடைக்குமா என்று பார்ப்பதும் வியாபாரம்தான்.

வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தார்கள்: ஏசி 24 டிகிரியில். 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் போட்ட அறை ஏசிகள் எல்லாம் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி கூட்டி வைத்தாலும் சுமார் ஆறு சதவிகித மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

கடைசியாக ஒன்று, எந்தக் கொட்டேஷனிலும் இல்லாதது. ஏசி மாட்ட வந்த மெக்கானிக் இரண்டாம் மாடி வெளிச்சுவரைக் காட்டிக் கேட்டார்: "அண்ணே, அவுட்டோர இங்க மாட்டிருவோம். ஆனா வருஷத்துக்கு ரெண்டு தடவ சர்வீஸுக்கு நான் எங்கண்ணே நிக்கிறது?"

பெரியவர் மேலே அண்ணாந்து பார்த்தார். கால் வைக்க இடம் இல்லை. கயிற்றில் தொங்கித்தான் வேலை பார்க்க வேண்டும்.

மறுநாள் கட்டடத்தின் பின்பக்கம், வடக்கு நிழலில், ஒவ்வொரு தளத்துக்கும் மூன்றடி அகலத்தில் ஒரு மேடையும் கைப்பிடிக் கம்பியும் போடச் சொன்னார். நிழலில் இருக்கும் அவுட்டோர் யூனிட் கரன்ட்டும் குறைவாக இழுக்கும் என்று மகள் சொன்னபோது, "அது கெடக்கும்மா. மொதல்ல அந்தத் தம்பி நிக்கணும்ல" என்றார்.