மேய்ச்சல் நிலத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம்

மங்கோலியா என்றதும் செங்கிஸ்கானும் அவனது குதிரைப் படையுமே நம்மில் பலரின் நினைவுக்கு வரும். வரலாற்றுப் பாடநூல்கள் நமக்கு விட்டுச்சென்ற சித்திரம் அது. எங்கள் நண்பர் குழுவை வேறொரு திசையில் சிந்திக்க வைத்தது ஒரு திரைப்படம். பியாம்பாசூரென் தாவா இயக்கி 2005-இல் வெளிவந்த 'மஞ்சள் நாயின் குகை'யில், நன்சால் என்னும் சிறுமி நகரத்துப் பள்ளியிலிருந்து விடுமுறைக்குத் தன் பெற்றோரின் கூடாரத்துக்குத் திரும்புகிறாள். குகையொன்றில் ஒரு நாய்க்குட்டியைக் கண்டெடுக்கிறாள். தந்தை அதை ஏற்க மறுக்கிறார். கதை அந்த நாய்க்குட்டியைப் பற்றியது. எனினும் படம் முடிந்தபின் எங்கள் பேச்சு, விடுமுறை தீர்ந்ததும் அவள் திரும்பிச் செல்லவேண்டிய பள்ளியைப் பற்றியதாகவே இருந்தது. எங்களுள் சிலர் சிறுவயதிலேயே விடுதியில் விடப்பட்டவர்கள் என்பது அதற்குக் காரணமாகலாம். அதன்பின் தேடிப் படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

பரப்பளவில் இந்தியாவின் ஏறத்தாழ பாதி இருக்கும் அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம்தான். அவர்களிலும் பாதிப்பேர் தலைநகர் உலான்பாத்தரில் வாழ்கின்றனர். எஞ்சிய நிலம் புல்வெளியும் மலையும் பாலையுமாக விரிந்து கிடக்கிறது. ஆடு மாடுகளுடன் இடம்பெயரும் குடும்பத்துக்கு அண்டை வீடு என்பதே பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். அங்கே நடந்துசெல்லும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருக்க வழியில்லை. நாடு 21 மாகாணங்களாகவும், அவை 'சூம்' எனப்படும் வட்டங்களாகவும் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு வட்டத்தின் மையத்திலும் உள்ள சிற்றூரில் ஒரு பள்ளி, அதனருகே ஒரு விடுதி. மேய்ப்பர் வீட்டுப் பிள்ளைகளின் கல்வி இந்த ஏற்பாட்டையே நம்பியிருக்கிறது.

செப்டம்பர் 1-ஆம் நாள் பள்ளி ஆண்டு தொடங்குகிறது. சீருடையும் தலையில் பெரிய வெள்ளை ரிப்பனுமாகச் சிறுமிகள் வரிசையில் நிற்க, முதல் மணி ஒலிக்கும். வருகைப் பதிவேட்டில் மாணவரின் பெயருக்கு முன் தந்தை பெயரின் முதலெழுத்து இருக்கும். குடும்பப் பெயர் கிடையாது. இவ்வழக்கம் தமிழர்களாகிய நமக்கு அந்நியமன்று. குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 பாகைக்கும் கீழே இறங்கும். பல விடுதிகளில் கழிப்பறை கட்டடத்துக்கு வெளியே இருந்துவந்தது என்பதை இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அக்குளிரில், நள்ளிரவில், தனியே எழுந்து வெளியே செல்லும் ஒரு சிறு குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு சிறிய குழந்தை? முன்பு பள்ளியில் சேரும் வயது எட்டாக இருந்தது. 2005-இல் அது ஏழாயிற்று. பன்னிரண்டு ஆண்டுக் கல்விமுறைக்கு 2008-இல் மாறத் தொடங்கியபோது ஆறாகக் குறைந்தது. உலக நாடுகள் பலவற்றோடு ஒத்துப்போகும் நியாயமான சீர்திருத்தம்தான். ஆனால் நகரத்துப் பிள்ளைக்கு ஆறு வயதில் பள்ளி என்பது தெருக்கோடிவரை செல்வது; மேய்ப்பரின் பிள்ளைக்கோ அது தாயைப் பிரிவது. அப்பிரிவைத் தாளாத குடும்பங்களில் தாய் பிள்ளையுடன் சூம் மையத்துக்குக் குடிபெயர்கிறாள். தந்தை மந்தையுடன் தனித்திருக்கிறார். பிள்ளையைப் படிக்கவைக்க ஒரு குடும்பம் இரண்டாகிறது.

இவ்வமைப்பை எளிதாகக் குறைகூறிவிடவும் முடியாது. 1921-ஆம் ஆண்டுப் புரட்சிக்கு முன் எழுத்தறிவு பெரும்பாலும் பௌத்த மடாலயங்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் உரியதாக இருந்தது. இன்று வயதுவந்தோர் அனைவருமே ஏறக்குறைய எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். சிதறிக் கிடக்கும் ஒரு மக்கள்கூட்டத்துக்கு விடுதிகளின்றி இது கைகூடியிராது. 1990-க்குப் பின் சோசலிச ஆட்சிமுறை மறைந்து அரசின் நிதி வற்றியபோது பல விடுதிகள் நலிந்தன. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், விடுதிப் பிள்ளைகளின் உணவுக்கான இறைச்சியைப் பெற்றோரே தரவேண்டும் என்ற விதியும் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. மந்தைகள் தனியுடைமையானதால் மேய்க்க ஆள் தேவைப்பட்டது. பையன்களே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டனர். பெண்பிள்ளைகள் தொடர்ந்து படித்தனர். பிற நாடுகளில் நாம் காண்பதற்கு நேர்மாறான நிலை இது.

பையனை நிறுத்திய தந்தையிடமும் ஒரு பள்ளி இருக்கிறது. முதலாண்டில் 'உனகா' என்றும் அடுத்த ஆண்டில் 'தாகா' என்றும் வயதுக்கு வயது குதிரைக்குட்டியின் பெயர் மாறும். இத்தகைய சொற்களைப் பாடநூலில் மனப்பாடம் செய்யலாம். தூரத்தில் ஓடும் குட்டியைப் பார்த்ததும் சொல்வதற்கோ அதனுடன் வளர்ந்திருக்கவேண்டும். எழுத்திலும் இப்படியொரு பிளவு உண்டு. 1940-களில் வந்த சிரிலிக் எழுத்தில்தான் பிள்ளைகள் படிக்கத் தொடங்குகின்றனர். மேலிருந்து கீழாக எழுதப்படும் முன்னோரின் எழுத்து ஆறாம் வகுப்பில்தான் அறிமுகமாகிறது. 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2025 முதல் அரசு ஆவணங்களில் இரண்டும் இடம்பெறவேண்டும்.

இப்பிளவின் வலியை உள்ளிருந்து எழுதியவர் கல்சான் சினாக். மேற்கு மங்கோலியாவின் அல்தாய் மலைப்பகுதியில், துவா இனத்தில் பிறந்து ஜெர்மன் மொழியில் எழுதுபவர். 'நீல வானம்' நாவலில் மூத்த பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றபின் தனித்துவிடப்பட்ட சிறுவனைக் காண்கிறோம். 'சாம்பல் நிற பூமி'யில் அவனே பள்ளிக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். தன் தாய்மொழியைப் பேச அங்கே அனுமதியில்லை. அப்பள்ளியின் தலைவர் அவனுடைய சொந்த அண்ணன் என்பதுதான் எங்களை மிகவும் உலுக்கியது. பறிப்பவரும் அளிப்பவரும் ஒருவரேயாகும்போது குழந்தை யாரை வெறுக்கும்?

பிரிவிலிருந்து தப்பத் தலைநகருக்கே குடிபெயர்வோரும் உண்டு. 2009-10-இன் கொடும்பனி நாட்டின் கால்நடைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொன்றபின் பலருக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அங்கே பிள்ளை மாலையில் பெற்றோரிடம் திரும்புகிறது. ஆனால் இடநெருக்கடியால் பள்ளிகள் இரண்டு, சில இடங்களில் மூன்று நேரமுறைகளாக நடக்கின்றன. கூடாரக் குடியிருப்புகளின் அடுப்புப் புகை கவிந்த குளிர்கால இருளில்தான் பிள்ளைகள் வீடு திரும்பவேண்டும்.

வீட்டைவிட்டுப் புறப்படுபவர் சென்ற திசையை நோக்கித் தாய் பாலைத் தெளிப்பது அந்நாட்டு வழக்கம். நல்வழியில் சென்று மீள்க என்பது பொருள். கோடை முழுவதும் குதிரையேறித் திரிந்த பிள்ளையை அனுப்பிவைக்கும் நாளில் அப்பாலுக்கு வேறொரு பொருளும் கூடிவிடுகிறது. பிள்ளை மீளும், ஆனால் மேய்ப்பனாக மீளுமா என்பதை அத்தாய் அறியமாட்டாள். அறியாமலேதான் ஒவ்வோர் ஆண்டும் அனுப்புகிறாள். கல்வியின் பயனைக் கணக்கிடும்போது இந்தத் துணிவையும் கணக்கில் சேர்க்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.