வீதம் தொலைந்த கணக்கு

தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேயர் 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரின் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க்கணக்கர்கள் அக்காலத்தில் தமிழில் எழுதிய ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. களத்தில் குவிந்த நெல்லில் தச்சருக்கு, கொல்லருக்கு, கணக்கருக்கு எனக் கலத்துக்கு இவ்வளவு என்று வீதம் உண்டு. விளைச்சல் ஏறினால் பங்கும் ஏறும். அந்த வீதம் ஒரு சூத்திரம்தானே! ஆங்கிலத்தில் எடுத்தெழுதிய சுருக்கத்தில் அவ்வளவு விவரம் இல்லை.

மதுராந்தகத்தை அடுத்து நாம் பணியாற்றும் கல்லூரியில் இதே கதை வேறு உருவில் நடந்தது. வருகைப்பதிவு அறிக்கை மென்பொருளிலிருந்து எக்செல் கோப்பாக இறங்கி வரும். விழுக்காட்டுக் கட்டத்தைச் சொடுக்கினால் 73.75 என்ற எண் மட்டும் கிடக்கும். எதை எதனால் வகுத்தது என்பது இராது. மாணவி ஒருவருக்கு விடுபட்ட 3 நாள்களைச் சேர்த்து, 59ஐ 62 என்று அலுவலகத்தில் அக்கோப்பிலேயே திருத்தினார்கள். விழுக்காடு அசையவில்லை. 75க்குக் குறைந்ததால் அவர் பெயர் தேர்வெழுத இயலாதோர் பட்டியலுக்குப் போயிற்று. மொத்தம் 80 நாள்கள், வகுத்தால் 77.5. இதைத் தாளில் எழுதிக்காட்டிப் பெயரை மீட்கத் தேர்வுக்கு முந்தைய மாலை ஆகிவிட்டது.

மென்பொருளைமட்டும் வைவதற்கில்லை. அறிக்கைக் கருவி தன்னுள்ளேயே கணக்கிட்டு விடையை மட்டும் கட்டத்தில் வைக்கிறது. அதன் கணக்கில் C2, D2 என்ற முகவரிகள் கிடையா. மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ் சில எளிய கணக்குகளை எக்செல் சூத்திரமாகவே மாற்றித் தந்துகொண்டிருந்தது. 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் அதையும் கைவிட்டார்கள். பவர் பி.ஐ.யின் எக்செல் பகுப்பாய்வு வசதியில் மூலத்தோடு இணைந்த பிவட் அட்டவணை கிடைக்கிறது. அது நம் அலுவலகத்துக்கு எட்டாத தொலைவு. ஓர் எண்ணை மாற்றினால் சார்ந்தவை யாவும் தாமே மாறும் என்பதுதான் 1979இல் வந்த விசிகால்க் முதலாக விரிதாளின் வசீகரம். அதை இழந்த கோப்பு, கட்டம் போட்ட தாளன்றி வேறென்ன?

இப்போது நாம் தொகுப்பு அறிக்கையைக் கேட்பதில்லை. நாள்வாரி வரிசைகளை மட்டும் வாங்கி முதல் தாளில் ஒட்டுகிறோம். இரண்டாம் தாளில் நாமே எழுதிய சூத்திரங்கள் காத்திருக்கின்றன. அலுவலக உதவியாளர் முதலில் முகம் சுளித்தார். சென்ற வாரம் அந்த இரண்டாம் தாளின் படி ஒன்று தமக்கும் வேண்டுமென்றார்.