எனக்குத் தொழில் கொடுத்தவங்க



ரெண்டு வாரமா கோவில் வாட்சாப் குரூப்புலயும் நேர்லயும் பல பேர் கேட்டுட்டீங்க, "அண்ணே, பேக்டரி மூடுறாங்களாமே, உண்மையா?" உண்மைதான். 1993-ல நான் ஆப்பரேட்டரா சேர்ந்த அதே பிளாஸ்டிக் பேக்டரி, பிறையில, இந்த மாசக் கடைசியோட நிக்குது. மெஷின்ல பாதி வியட்நாமுக்குப் போகுது. மீதி இரும்பு விலைக்கு. ஒவ்வொருத்தருக்கும் தனியா பதில் எழுத நேரமில்ல, அதனால ஒரே பதிவா போட்டுடறேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

என் பேருக்கு அர்ச்சனை செய்தவங்களுக்கு முதல்ல நன்றி. வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம். நான் எழுத வந்தது வேற விஷயம்.

போன வாரம் கம்பெனி பிரியாவிடை விருந்து வச்சாங்க. ஹோட்டல்ல, சாப்பாடு நல்லாவே இருந்தது. மேடையில நன்றி சொன்ன பட்டியல் பெரிசு. தலைமை அலுவலகம், வாடிக்கையாளர்கள், முன்னாள் மேலாளர்கள், சப்ளையர்கள் எல்லாரும் வந்தாங்க. எனக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவங்க ஒருத்தர்கூட அதுல இல்ல. அவங்க பேரை நானும் இங்க போடப் போறதில்ல. பேஸ்புக்ல பேர் வர்றது அவங்களுக்குப் பிடிக்காது. ஆனா அவங்க செய்ததை எங்கயாவது எழுதி வைக்கணும்னு அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வர்ற வழியிலயே முடிவு பண்ணிட்டேன்.

பிளாஸ்டிக் மோல்டிங்னா என்னன்னு நம்ம பிள்ளைங்க பல பேருக்குத் தெரியாது. அரிசி மாதிரி சின்னச் சின்ன மணியா பிளாஸ்டிக் மூட்டையில வரும். அதை உலர்த்தி, பீப்பாய்க்குள்ள 220, 230 டிகிரி சூட்டுல உருக்கி, இரும்பு அச்சுக்குள்ள அழுத்தி அடிப்போம். ஆறினதும் அச்சு திறக்கும், சாமான் விழும். பிரிண்டர் மூடி, வேக்குவம் கிளீனர் உடம்பு, விசிறி இறக்கை, இப்படி. எங்ககிட்ட இருந்ததுல பெரிய மெஷின் 650 டன். அவ்வளவு பலத்தோட அந்த அச்சு மூடிக்கும். நடுவுல கை இருந்தா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

நான் எஸ்.பி.எம். முடிச்சிட்டு, கொஞ்ச நாள் லோரி அட்டெண்டனா சுத்திட்டு அங்க போனவன். தெற்குக் கெடாவுல எங்க தோட்டத்து வாசலுக்கே பேக்டரி பஸ் வரும். அப்பா பால்மரம் சீவப் போற அதே இருட்டுல நான் பஸ் ஏறுவேன். பேக்கிங்ல வேலை செய்த அக்காங்க எல்லாம் தோட்டத்து ஆளுங்கதான். முதல் மூணு மாசம் நான் பசியாறினதே அவங்க டிபன்லதான். அதுக்கே தனியா ஒரு பதிவு போடலாம்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சீனர். மோல்டிங் டெக்னீஷியன், என்னைவிட 17 வயசு மூத்தவர். எல்லாருக்கும் அவர் அங்கிள். அவருக்குத் தெரிஞ்சது ஹொக்கியன், அப்புறம் பாசார் மலாய். எனக்கு ஹொக்கியன் வராது. ரெண்டு பேரும் அரைகுறை மலாய்லதான் 16 வருஷம் பேசிக்கிட்டோம். நிறைய நேரம் பேச்சே இருக்காது, கையைக் காட்டுவார், நான் பார்ப்பேன்.

முதல் நாள் அவர் என் கையில கொடுத்தது ஒரு பித்தளைக் குச்சி. அச்சுல பிளாஸ்டிக் ஒட்டிக்கிட்டா பித்தளையிலதான் தட்டி எடுக்கணும். இரும்பு ஸ்க்ரூடிரைவரால நோண்டினா அச்சுல கீறல் விழும், அப்புறம் ஒவ்வொரு சாமான்லயும் அந்தக் கீறல் வரும். அந்தக் குச்சி இப்பவும் என் டிராயர்ல இருக்கு. அதை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு ஸ்டோர்ல எழுதிக் கொடுத்து கையெழுத்து வாங்கிட்டேன்.

இன்னொரு நாள் நைட் ஷிப்ட். மெஷினோட பாதுகாப்புக் கதவு திறந்தா மெஷின் நிக்கணும், அதுக்கு ஒரு சுவிட்ச் உண்டு. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து மூடினா ரெண்டு மூணு செக்கன் வீணாகுதுன்னு யாரோ அந்தச் சுவிட்ச்சை கேபிள் டையால கட்டி வச்சிட்டாங்க. கணக்குல உற்பத்தி கூடிச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். அங்கிள் வந்தார், பார்த்தார், ஒரு வார்த்தை பேசல. கட்டரை எடுத்து டையை வெட்டிட்டு, அந்தத் துண்டை நேரா கொண்டு போய் மேனேஜர் மேசை மேல வச்சிட்டு வந்துட்டார். அதுக்கப்புறம் நான் இருந்த எந்த ஷிப்ட்லயும் அந்த வேலை நடந்ததில்ல. 32 வருஷத்துல என் ஷிப்ட்ல யாருக்கும் விரல் போகல. அந்தப் பேர் என்னது இல்ல, அவரோடது.

இப்ப நான் முக்கியமா சொல்ல வந்தது. அந்தக் காலத்துல டெக்னீஷியனுக்கு நோட்டுப்புத்தகம்தான் சோத்துப்பானை. எந்த அச்சுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எத்தனை செக்கன் ஆற வைக்கணும், எல்லாம் அதுலதான் இருக்கும். இப்ப மாதிரி கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்கிற பழக்கம் எங்க பேக்டரியில அப்ப கிடையாது. யாரும் யாருக்கும் காட்ட மாட்டாங்க. லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டுத்தான் சாப்பிடப் போவாங்க.

1998 ஞாபகம் இருக்கா? ஒரு டாலருக்கு 3.80 வெள்ளின்னு அரசாங்கம் கட்டிப் போட்ட வருஷம். ஆர்டர் இல்ல, ஓவர்டைம் இல்ல, எங்க பேக்டரியில ஆள் குறைப்பு. டெக்னீஷியன்லயும் ரெண்டு பேரை எடுக்கப் போறாங்கன்னு பேச்சு. யாருக்கு விஷயம் தெரியுமோ அவர்தான் தப்பிப்பார், அதனால எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க. நேத்து வரைக்கும் சொல்லிக் கொடுத்தவங்ககூட முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது, பிள்ளைக்குட்டி இருக்கு.

அந்த வருஷம்தான் அங்கிள் என்கிட்ட ஒரு புது நோட்டுப்புத்தகம் கொடுத்தார். 83 பக்கம். ஒரு அச்சுக்கு ஒரு பக்கம், எல்லாம் பெரிய எழுத்துல மலாய்ல. அவர் சீனப் பள்ளியில படிச்சவர், மலாய் எழுத வராது. அவரோட சொந்த நோட்டு சீனத்துல இருந்தது. எனக்குப் படிக்க வரணும்னு, ராத்திரியில மக பக்கத்துல உட்கார்ந்து எழுத்துக் கேட்டுக் கேட்டு மாத்தி எழுதியிருக்கார். அந்தப் பொண்ணுக்கு அப்ப பத்து வயசு இருக்கும். சில பக்கத்துல அது கையெழுத்தே இருக்கு. 31-ஆம் பக்கத்துல, "மழை நாள்ல ஒரு மணி நேரம் கூட உலர்த்து" என்று கோடு போட்டு எழுதியிருக்கும்.

"ஏன் அங்கிள்? இப்பப் போய் ஏன்?"னு கேட்டேன். "எனக்கு மட்டும் தெரிஞ்சா நான் லீவு எடுக்க முடியாது லா"ன்னார். அவ்வளவுதான் பதில். அவர் லீவு எடுத்து நான் பார்த்ததே சீனப் பெருநாளுக்கு மட்டும்தான்.

2009-ல 55 வயசுல ஓய்வு கொடுத்தாங்க. அப்ப அதுதான் வழக்கம், 60 வயசு சட்டம் 2013-லதான் வந்தது. போன ஞாயித்துக்கிழமை புக்கிட் மெர்தாஜாம்ல அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், மூடுறாங்கன்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் கேட்டார், "7-ஆம் நம்பர் மெஷின்ல எஜெக்டர் தகராறு பண்ணும், வியட்நாம்காரங்ககிட்ட சொன்னியா?" சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். மறுநாள் ஒரு தாள்ல எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, மெஷின் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டேன். படிப்பாங்களோ என்னமோ.

அடுத்தது கியூ.சி.-ல இருந்த மலாய் அக்கா. எங்களுக்கு காக். சின்ன உருவம், மெதுவான குரல். ஒரு தடவை டிரையர் நின்னு போனது தெரியாம மூணு பேலட் சாமான் ஓடிருச்சு. பிளாஸ்டிக்ல ஈரம் இருந்தா மேல வெள்ளி மாதிரி கோடு கோடா வரும். ஏ.பி.எஸ். என்றால் 80 டிகிரியில ரெண்டுலேர்ந்து நாலு மணி நேரம் உலரணும், குறுக்கு வழி கிடையாது. கண்டெய்னர் வெளிய நிக்குது, மேனேஜர் பக்கத்துல நிக்கிறார், "லேசாத்தானே இருக்கு, பாஸ் பண்ணு"ன்னு. காக் மூணு பேலட்டுக்கும் சிவப்பு அட்டை ஒட்டிட்டு, பேனாவை அவர்கிட்ட நீட்டினாங்க. "துவான் கையெழுத்துப் போடுங்க, சாமான் போகட்டும்"னாங்க. அவர் பேனாவை வாங்கல. சாமானும் போகல.

நம்ம கோவில் கணக்குல ரசீது இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சில பேருக்கு என் மேல வருத்தம் உண்டு, எனக்குத் தெரியும். அது எங்க கத்துக்கிட்டதுன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும். அரிசி மூட்டையில தேதி எழுதி, பழசை முன்னால இழுத்து வைக்கிறதும் அங்க கத்துக்கிட்டதுதான்.

காக்குக்கு நம்ம கோவிலும் கடன்பட்டிருக்கு. தைப்பூசம் பினாங்குல பொது விடுமுறைதான், ஆனா எங்க மெஷின் 24 மணி நேரமும் ஓடும். முத நாள் ரதம் புறப்பட்டதுலேர்ந்து மறுநாள் ராத்திரி வரைக்கும் நான் தண்ணீர்மலைப் பாதையில நம்ம பந்தல்ல நிக்கணும்னா, என் ஷிப்ட்டை யாராவது பார்க்கணும். அவங்க லைன் லீடரா மாறின பிறகு, 18 வருஷம், ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் என் நைட் ஷிப்ட்டை அவங்க எடுத்துக்கிட்டாங்க. ஹரி ராயாவுக்கு அவங்க ஷிப்ட்டை நான் எடுத்துக்குவேன். எழுத்துல எதுவும் கிடையாது. பூசத்துக்கு ஒரு வாரம் முன்னாலயே வந்து சொல்லிடுவாங்க, "பெர்கி லா, ஆனே. சாயா அடா." நம்ம பந்தல்ல மோர் குடிச்சுட்டுப் போன பக்தர்கள் யாருக்கும் இந்தக் கதை தெரியாது. அவங்க மலைக்கு வந்ததில்ல, வரவும் மாட்டாங்க. ஆனா என் கணக்குல அவங்களும் நம்ம தொண்டூழியர்தான்.

மூணாவதா ஒரு நேப்பாளத் தம்பி. நம்ம சிவராத்திரிக்கு வந்து பின்னால உட்கார்ந்து பஜனை கேட்பாரே, அவர்தான். 2020 மார்ச் 18-ல நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்போ, ஹாஸ்டல்ல அடைஞ்சு கிடந்த 40 பேருக்கு நம்ம கோவில்லேர்ந்து அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு போச்சு, ஞாபகம் இருக்கும். வாங்கி அளந்து பங்கு போட்டு, யாருக்கு எவ்வளவுன்னு எழுதி எனக்குப் படம் அனுப்பினது இவர். நான் சூப்பர்வைசர், அவர் ஆப்பரேட்டர். ஆனா காதை வச்சே மெஷின்ல என்ன கோளாறுன்னு சொல்றதுல அவர்தான் எனக்கு வாத்தியார். அங்கிளுக்குப் பிறகு அந்தக் காது நான் பார்த்தது இவர்கிட்டத்தான்.

அவருக்கு டிக்கெட் போட்டுட்டாங்க. எங்களுக்கு வர்ற பெர்கேசோ காசு அவருக்குக் கிடையாது, வெளிநாட்டுத் தொழிலாளியை அந்தச் சட்டம் சேர்க்கல. 11 வருஷம் ஒரே லைன்ல நின்ன மனுஷன். இதுல எனக்கு மனசு ஆறல, மறைக்க விரும்பல. நம்ம ஆளுங்க சில பேர், "பங்களாக்காரன், நேப்பாளக்காரன் வந்துதான் நம்ம வேலை போச்சு"ன்னு பேசுறீங்க. இந்த பேக்டரியில யார் வேலையையும் அவர் எடுக்கல. அவர் வேலையும்தான் போச்சு.

அங்கிள் கொடுத்த நோட்டை நான் நாலு பேருக்குப் போட்டோஸ்டாட் எடுத்துக் கொடுத்திருக்கேன். ஒருத்தன் கூலிம்ல இருக்கான், ஒருத்தன் சிங்கப்பூர்ல. மத்த ரெண்டு பேரும் என்னோடயே இந்த மாசம் வெளிய வர்றாங்க. பெரிய கம்பெனியில இப்ப அந்த 83 பக்கம் தேவைப்படாது. அந்த அச்சுல பாதி இரும்புக் கடைக்குப் போயாச்சு.

இப்ப காரியத்துக்கு வர்றேன். எங்க பேக்டரி மட்டுமில்ல, வேற எங்க வேலை போனவங்க நம்ம கோவில் பக்கம் இருந்தாலும் இது பொருந்தும்.

சம்பளம் 4,000 வெள்ளிக்குள்ள இருந்து, அஞ்சு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை செய்திருந்தா, ஆள் குறைப்புக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம், எட்டு வாரம் நோட்டீஸ். இது சட்டம், கம்பெனியோட தர்மம் இல்ல. "நீயே ராஜினாமா கடிதம் கொடுத்துடு, நல்ல பேரோட போகலாம்"னு யாராவது சொன்னா கையெழுத்துப் போட்டுடாதீங்க. அடுத்தது பெர்கேசோவோட எஸ்.ஐ.பி. வேலை போன நாள்லேர்ந்து 60 நாளைக்குள்ள பதியணும். முதல் மாசம் காப்புறுதிச் சம்பளத்துல 80 விழுக்காடு, ரெண்டாவது மாசம் 50, அப்புறம் 40, 40, 30, 30 என்று ஆறு மாசம் வரைக்கும் வரும். தானா விலகினவங்களுக்கு அது கிடையாது, அதனாலதான் அந்த ராஜினாமா விஷயத்தை அழுத்திச் சொல்றேன். போன தடவை பட்டர்வொர்த்ல ஒரு கம்பெனி மூடினப்போ, நம்மள்ல மூணு பேர் வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல சொல்லாமயே 60 நாளைத் தாண்ட விட்டுட்டாங்க.

வெள்ளிக்கிழமை சாயந்திரப் பூஜை முடிஞ்சதும், மண்டபத்துல செருப்பு ரேக் பக்கத்துல ஒரு மேசை போட்டு உட்காருவேன். ஐ.சி., வேலைநீக்கக் கடிதம், கடைசி ஆறு மாசச் சம்பளச் சீட்டு, பேங்க் புக் கொண்டு வாங்க. போன்லயே பதிஞ்சிடலாம், எனக்கு வராட்டாலும் செயலாளர் மகளுக்கு வரும். யாரும் காசு கொடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை அன்னதானத்துக்கு 40 கிலோ அரிசி. நேப்பாளத் தம்பிக்கும் அவரோட ஊருக்குப் போற ஆறு பேருக்கும் அன்னைக்கு நம்ம பந்தியிலதான் சாப்பாடு, காக்கும் அவங்க வீட்டுக்காரரும் வர்றதா சொல்லியிருக்காங்க. வெங்காயம் உரிக்க இன்னும் நாலு பேர் வேணும். காலைல அஞ்சரைக்கு குசினி திறந்திருக்கும், கத்தி அவங்கவங்க கொண்டு வாங்க.