காசியிலிருந்து ஆமத்தூர் வரை

முப்பது வருஷம் லாரி ஓட்டிய என் வீட்டுக்காரர், "காசிக்கு நம்ம வேன்லயே போய்ட்டு வருவோமா?" என்றார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, பாய், ஸ்டவ், அரிசி, குழம்புப் பொடி என ஏற்றிக்கொண்டு கிளம்பினோம்.

தரிசனத்தைவிட, ஊர் திரும்பியதுதான் எனக்குப் பெரிய யாத்திரை. காசியில் தொடங்கி விருதுநகர் வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய 7-ம் நம்பர் நெடுஞ்சாலை. மொத்தம் 2,369 கிலோமீட்டர். இப்போது வேறு வேறு நம்பர்கள். நாக்பூருக்கு முன்னால் பெஞ்ச் காட்டில், புலிகள் அடியில் கடந்துபோக ரோட்டையே உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள்.

அங்கேதான் சொன்னார்: "பட்டாசு லோடு ஏத்தினா வண்டிப் பக்கத்துல அடுப்பு மூட்டக் கூடாது. கடை இல்லாத இடத்துல வெறும் ரொட்டியும் வெங்காயமும்தான்."

தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அவர் வீட்டில் தங்கியதே இல்லை. ஆமத்தூரில் பிள்ளைகளோடு நான் காத்திருந்த ராத்திரிகள் அவை. ஒரு நாளும் பசியைப் பற்றி அவர் சொன்னதில்லை.

அன்று ராத்திரி லாரிகள் நிற்கும் தாபா ஓரத்தில் ஸ்டவ் பற்றவைத்து, சுடச்சுட ரசம் வைத்தேன். மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

லாரிக்காரர்களின் மனைவிமாரே, ஒரு முறையாவது அவர்கள் ஓட்டிய ரோட்டைப் போய்ப் பாருங்கள். புளியும் பருப்பும் எடுத்துப் போக மறக்காதீர்கள்!