ஜாமீன் என்றால் விடுதலையா?

தஞ்சாவூர் பக்கம் டீக்கடையில் பேப்பர் படிக்கும்போது அடிக்கடி காதில் விழும் வார்த்தை: "ஜாமீன் கெடைச்சிருச்சா? அப்ப கேஸ் அவ்ளோதான்." அப்படி இல்லைங்க. ஜாமீன் மனுவில் நீதிபதி குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பு சொல்வதில்லை. வழக்கு முடியும்வரை இவரை உள்ளேயே வைக்க வேண்டுமா என்றுதான் பார்க்கிறார்.

நம் டெல்டாவில், இருள்நீக்கி கிராமத்தில் பிறந்த காஞ்சி ஜெயேந்திரரின் வழக்கையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மேலாளர் சங்கரராமன் 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் அலுவலகத்திலேயே கொல்லப்பட்டார். நவம்பர் 11 அன்று ஜெயேந்திரர் கைதானார். சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. 2005 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்தது.

அந்தத் தீர்ப்பு எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொன்னது? குற்றம் எவ்வளவு கடுமையானது, ஆதாரம் எப்படிப்பட்டது, ஆள் ஓடிவிடுவாரா, சாட்சிகளைக் கலைப்பாரா, பொதுநலன் என்ன. கொலைக்கூலி கொடுக்க வைத்திருந்ததாக போலீஸ் சொன்ன 50 லட்சம் ரூபாய் வங்கியில் கட்டப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டியது. உடன் கைதானவர்களின் வாக்குமூலம் பலவீனமான ஆதாரம் என்றது. அதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், குற்றப்பத்திரிகை தாக்கலாகும்வரை மடத்துக்குள் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டது.

பிறகு வழக்கு புதுச்சேரிக்கு மாறியது. 80க்கும் மேற்பட்ட சாட்சிகள் பிறழ்சாட்சி ஆனார்கள். 2013 நவம்பர் 27 அன்று எல்லோரும் விடுதலை.

இப்போது யோசியுங்கள். ஜாமீன் கிடைக்காமல் இருந்திருந்தால், விடுதலையாகப் போகிறவர் 9 வருடம் சிறையில் இருந்திருப்பார். அதை யார் திருப்பித் தருவது? அதே தீர்ப்பில் சங்கரராமன் கொலைக்கு ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? ஜாமீன் மனு இந்த இரண்டு பயங்களுக்கும் நடுவில்தான் நிற்கிறது.

இன்னொன்று. ஜெயேந்திரருக்காக வாதாட ஃபாலி நாரிமன் வந்தார். நாற்று நடும் கூலிக்காரர் மாட்டிக்கொண்டால் ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் சொத்துள்ள இரண்டு ஜாமீன்தாரர்களைத் தேடி அலைய வேண்டும். ஆனால் ஒரு விதி எல்லோருக்கும் உண்டு. கொலை வழக்கானாலும் 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இது அப்படியே இருக்கிறது.

தெரிந்தவர்கள் யாராவது உள்ளே இருந்தால், முதலில் நாளை எண்ணச் சொல்லுங்கள்.