ஒட்டிக்கோ வேட்டி

போன ஆடியில மொய் விருந்து ஆரம்பிச்ச நேரம். திருப்பூர்ல வேலை பாக்குற என் மகன் ஊருக்கு வந்தப்போ ஒரு வேட்டி வாங்கிட்டு வந்தான். இடுப்புல ஒட்டுற பட்டை, பக்கத்துல ஒரு பாக்கெட்டு. "ஒட்டிக்கோ கட்டிக்கோப்பா, அவுறவே அவுறாது"ன்னான்.

எனக்குச் சிரிப்பு தாங்கல. "வேட்டி கட்டத் தெரியாதவனுக்குத்தான்டா இது. எனக்கு எதுக்கு?"ன்னு கேட்டுட்டு பீரோவுல வச்சுட்டேன்.

டவுன்ல இருக்குறவங்களுக்கு மொய் விருந்து தெரியாம இருக்கலாம். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில பந்தல் போட்டு கறிச்சோறு போடுவோம். வர்றவங்க மொய் எழுதுவாங்க. அந்தப் பணத்துல கடனை அடைக்கலாம், போர் போடலாம், நிலம் வாங்கலாம். நோட்டுல இருக்குற கணக்கைப் பின்னாடி அவங்கவங்க விசேஷத்துல திருப்பிச் செய்யணும். அந்தப் பந்தலுக்குப் போனா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டைதான். அழுக்கு வேட்டியோட போனா நம்ம கை சுருங்கிப் போச்சுன்னு பேசிருவாங்க.

ஒட்டிக்கோ வேட்டி ஏன் ஆகாதுன்னு நான் ஒரு கணக்கு வச்சிருந்தேன். வேட்டின்னா இறக்கி விடுறது மட்டுமில்ல. வரப்புல நடக்கும்போது மடிச்சுக் கட்டணும், பெரியவங்க எதிர்ல வந்தா இறக்கி விடணும். சம்மணம் போட்டா தளர்த்தணும், எந்திரிச்சா இறுக்கணும். நாள் பூரா நம்ம கையோட பேசிக்கிட்டே இருக்குற துணி அது. பட்டை வச்ச வேட்டி ஒரே அளவுல நிக்கும். வைக்கோல் தூசி அந்த முள்ளுல ஏறிட்டா பிடிப்பும் போயிரும். இதெல்லாம் இப்பவும் உண்மைதான்.

ஆனா எங்க அக்கா வீட்டு மச்சான் இருக்காரே, அவருக்கு ரெண்டு வருசம் முன்னாடி பக்கவாதம் வந்துச்சு. கால் தேறிருச்சு, கம்பு ஊனி நடப்பாரு. இடது கைதான் வரல. அதுக்கப்புறம் அவரு எந்த விசேஷத்துக்கும் வர்றதில்ல. "உடம்புக்கு முடியல"ன்னு அக்கா சொல்லும், நாங்களும் நம்பினோம். மொய்ப் பணத்தை அக்காதான் கொண்டு வந்து எழுதிட்டுப் போகும்.

போன ஆடியில அவரைக் கூப்பிடப் போனேன். கைலிக்கு மேல நாடா கட்டி உக்காந்திருந்தாரு. "வாங்க மச்சான், வண்டியில கூட்டிட்டுப் போறேன்"னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் மெதுவா, "மாப்ள, ஒத்தக் கையால வேட்டி கட்ட முடியலப்பா. உங்க அக்கா கட்டி விடுது. பந்தல்ல அவுந்துச்சுன்னா நாலு பேர் முன்னாடி அதைக் கூப்பிட்டு நிக்கவா?"ன்னாரு.

ரெண்டு வருசம் அவரை வீட்டுக்குள்ள வச்சிருந்தது அந்த முடிச்சுதான். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. வீட்டுக்கு வந்து பீரோவுல கிடந்த வேட்டியை எடுத்துட்டுப் போனேன். வலது கையால சுத்தி, சுவத்துல சாஞ்சுக்கிட்டே பட்டையை ஒட்டினாரு. ரெண்டு தடவை பிச்சுப் பிச்சு ஒட்டிப் பாத்தாரு. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு, "மொய்க் கவர் வைக்கலாமே"ன்னாரு. அன்னைக்குப் பந்தல்ல அவரே போயி நோட்டுக்காரர்கிட்ட பேரைச் சொல்லி எழுதினாரு.

அதுலேருந்து புதுசா ஒரு உடுப்பைப் பாத்தா உடனே சிரிக்கிறதில்ல. யாருக்கு ஆகும்னு கொஞ்சம் யோசிக்கிறேன்.

டிராக் பேண்ட்டையும் முன்னாடி இப்படித்தான் கேலி பண்ணினேன். ஒரு வருசம் உளுந்துக்கு மருந்து அடிக்கும்போது கைலியைத் தொடைக்கு மேல மடிச்சுக் கட்டிக்கிட்டு டேங்கைத் தோள்ல போட்டு அடிச்சேன். டேங்க் ஒழுகி, முதுகுலேருந்து காலு வரைக்கும் மருந்து. சாயங்காலம் தலை சுத்தி வரப்புலேயே உக்காந்துட்டேன். அன்னையிலேருந்து முழுக்கைச் சட்டை, மகனோட பழைய டிராக் பேண்ட், மூக்குக்குத் துணி. அடிச்சு முடிச்சதும் மத்த துணியோட சேக்காம தனியா அலசிருவேன். மருந்து அடிக்கிற அன்னைக்கு வேட்டி, கைலி ரெண்டும் வேண்டாம்.

கிழிஞ்ச ஜீன்ஸ் மட்டும் இன்னும் எனக்குச் செரிக்கல. ஜீன்ஸே உழைக்கிறவன் துணிதான். 1873-ல அமெரிக்காவுல ஜேக்கப் டேவிஸ்ங்கிற தையக்காரரும் லெவி ஸ்ட்ராஸ்ங்கிற துணி வியாபாரியும் சேந்து, பாக்கெட்டு கிழியாம இருக்கச் செப்பு ஆணி அடிச்சு உரிமை வாங்கினாங்க. கிழியக் கூடாதுன்னு கண்டுபிடிச்சதைக் கிழிச்சு, கூடக் காசு குடுத்து வாங்குறானுவ. கார்த்திகை மழையில ரெண்டு நாள் ஆனாலும் காயாதுங்கிறது தனிக் கதை.

நான் யோக்கியம்னு சொல்லல. 1994-ல 'காதலன்' படம் வந்து பிரபுதேவா ஆடினப்போ, கடலை வித்த காசுல நானும் தொளதொளன்னு ஒரு பேகி பேண்ட் தச்சேன். சைக்கிள் செயின்ல சிக்கி, ஆலங்குடி கடைத்தெருவுல விழுந்தேன். எங்கப்பா திட்டல. துணி நல்லாருக்குன்னு வெட்டித் தலகாணி உறை தச்சுட்டாங்க எங்கம்மா.

வேட்டிக்கும் மரியாதை சும்மா கிடைக்கல. 2014 சூலையில சென்னையில கிரிக்கெட் சங்கத்து கிளப்புல ஒரு விழாவுக்கு வேட்டியோட போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே உள்ள விடல. அடுத்த மாசமே சட்டசபையில சட்டம் வந்துச்சு. வேட்டி கட்டினவரைத் தடுத்தா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபா அபராதம். நல்ல சட்டம்தான். ஆனா கைலியை அதுல யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. வயல்லேருந்து நேரா கைலியோட நகைக்கடன் புதுப்பிக்கப் போயி, ஓரமா நிக்க வச்ச அனுபவம் எனக்கு இருக்கு. மறுநாள் வெள்ளை வேட்டியில போனேன், "உக்காருங்க சார்"னாங்க. அதே நகை, அதே ஆளு.

இன்னொண்ணும் சொல்லணும். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துல 1930 டிசம்பர்ல ஆதி திராவிடர்களுக்கு எட்டுத் தடை போட்டாங்க. ஆம்பளைங்க முட்டிக்குக் கீழயும் இடுப்புக்கு மேலயும் துணி உடுத்தக் கூடாது, சட்டை பனியன் போடக் கூடாது, கிராப்பு வெட்டக் கூடாது. அம்பேத்கர் எழுதினதுல இது வருது. படிச்சதுலேருந்து பையங்க தலையில கோடு போட்டு, ஒரு பக்கம் ஒட்ட வெட்டிக்கிட்டு வந்தா எனக்குக் கேலி வாயில வரமாட்டேங்குது. நல்லால்லன்னா நல்லால்லன்னு மனசுக்குள்ள நினைச்சுக்குவேன், அவ்வளவுதான்.

வர்ற தையில அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் சீர் என்னுது. மச்சான் நேத்து போன் பண்ணி, "மாப்ள, ஒட்டிக்கோவுல பட்டு வேட்டி வருதாம்ல, புதுக்கோட்டை போனா விசாரிங்க. கரை கொஞ்சம் பெருசா இருக்கட்டும்"னாரு. நாளைக்குக் கடலை மூட்டை ஏத்திட்டுப் போறேன். கையோட ரெண்டு கடை ஏறிப் பாத்துட்டு வரணும்.