டீக்கடை பாக்கி

எனக்கு இனிப்பு பிடிக்காது. கல்யாண வீட்டில் என் பக்கத்து இலைக்காரர் அதிர்ஷ்டசாலி. அவருக்கு ரெண்டு லட்டு. தீபாவளிக்கு வீட்டில் அதிரசம் சுட்டால் நான் முறுக்கு டின் பக்கம்தான் நிற்பேன். இதை ஒரு பெருமையாகவே முப்பத்து நாலு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமைக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி வேட்டு வைத்தது!

தூத்துக்குடியில் ஹார்பர் போகிற வழியில் ஒரு கிளியரிங் ஏஜென்ஸி ஆபீஸ். அப்போது எனக்கு அங்கே கணக்கு வேலை. பில், வவுச்சர், கன்டெய்னர் வாடகை என்று நாள் பூராவும் அடுத்தவன் கணக்கைச் சரிபார்க்கிற பிழைப்பு. பாலிசி எடுக்க மெடிக்கல் டெஸ்ட் கேட்டார்கள். ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 118. மூன்று மாச நிலவரத்தைச் சொல்கிற ஹெச்பிஏ1சி 6.1.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முக்கியமாக என் சட்டையின் நாலாவது பட்டனைப் பார்த்தார். அது ரொம்ப சிரமப்பட்டுக்கொண்டிருந்தது.

"100க்குக் கீழே இருந்தா நார்மல். 126 வந்துட்டா சுகர். நீங்க நடுவுல, திண்ணையில உட்கார்ந்திருக்கீங்க. உள்ளே போறதும் தெருவுல இறங்கி நடக்கிறதும் உங்க இஷ்டம். ஸ்வீட் சாப்பிடுவீங்களா?"

"தொடவே மாட்டேன் சார்!"

சொல்லி முடித்ததும் எனக்குத் திக்கென்றது. அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அது எங்க அப்பாவுடையது.

அப்பா பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளில் மூட்டை ஏற ஏற, நோட்டில் கோடு கிழிப்பார். நாலு கோடு நிமிர்த்தி, அஞ்சாவதைக் குறுக்கே ஒரு இழுப்பு. ஆயிரம் மூட்டை ஏறினாலும் ஒரு மூட்டை பிசகாது. அப்படிப்பட்ட மனுஷருக்கு ஐம்பதாவது வயதில் சுகர். "நான் இனிப்பே தொட மாட்டேனே, எனக்கு எப்படி?" என்று ஒவ்வொரு டாக்டரிடமும் ஆச்சரியப்படுவார். புதுச் செருப்பு கடித்த ஒரு சின்னக் கொப்புளம் ஆறாமல் போய், கால் பெருவிரலை எடுத்தார்கள். அப்போதும் அதே கேள்விதான். கடைசி வரைக்கும் அவருக்கு பதில் கிடைக்கவில்லை.

"டீ, காபி?" என்றார் டாக்டர்.

"அது... ஏதோ ரெண்டு மூணு."

"என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப 'ஏதோ'ன்னு சொல்லாதீங்க. எண்ணிட்டு வாங்க."

எண்ணுவது ஒன்றும் கஷ்டமாக இல்லை. ஏனென்றால் எனக்காக ஒருத்தர் ஏற்கெனவே எண்ணி வைத்திருந்தார். ஆபீஸ் எதிரே டீக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி!

மாசக் கடைசியில் காசு வாங்குகிற கடை. நீளமான பற்று நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். என் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது.

"கணக்குல சந்தேகமா தம்பி?"

"உங்க கணக்குல இல்ல அண்ணாச்சி. என் கணக்குல."

போன மாசம் மட்டும் 112 டீ, 47 வடை. நான் டாக்டரிடம் சொன்ன 'ரெண்டு மூணு' வேலை நாளுக்கு நாலுக்கு மேலே வந்தது. அடுத்தவர் வாங்கிக் கொடுத்த ஓசி டீ இந்த நோட்டிலேயே வராது.

ஒரு டீக்கு எவ்வளவு சீனி? மாஸ்டரிடம் கேட்டால், "ஒரு கரண்டி" என்றார். அது டீ ஸ்பூன் இல்லை. கிட்டத்தட்ட சின்ன அகப்பை. பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் அந்தக் கரண்டிச் சீனியைக் கொட்டிப் பார்த்தேன். 12 கிராம். (கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். 12 கிராம் சீனி வாங்க வந்த முதல் கிராக்கி என்று நினைத்திருப்பார்.)

இனி பி.காம். பாடம். சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி. கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. நாம் வாய்வழக்கில் கலோரி என்று சொல்வதெல்லாம் புத்தகப்படி கிலோ கலோரி. அதை வாத்தியார்கள் பார்த்துக்கொள்ளட்டும். 12 கிராம் சீனிக்கு 48. டம்ளரில் பாதிக்கு மேல் நிற்கிற பாலுக்கு ஒரு நாற்பது. ஆக டீ ஒன்று, ஏறக்குறைய 90. எண்ணெயில் குளித்து வருகிற வடை சைஸைப் பொறுத்து நூறு, நூற்று முப்பது. நடுவாக 120 போட்டேன்.

112 டீ: 10,080. 47 வடை: 5,640. கூட்டினால் 15,720!

சராசரியாக ஓடியாடுகிற ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்பது பொதுவான கணக்கு. அப்படியானால் வீட்டில் மூணு வேளை குறையாமல் சாப்பிட்டது போக, டீக்கடையில் தனியாக எட்டு நாள் சாப்பாட்டை முடித்திருக்கிறேன். முப்பது நாள் மாசத்தில் முப்பத்தெட்டு நாள் சாப்பிட்டவன் தமிழ்நாட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். அப்புறம் நோட்டின் மற்ற பக்கங்களைப் புரட்டினேன். ஆபீஸே அப்படித்தான் இருந்தது!

சீனியை மட்டும் தனியே கூட்டினேன். 112 டம்ளரில் 1 கிலோ 344 கிராம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மாசத்துக்கு ரெண்டு கிலோ சீனிதான் வாங்குகிறோம். உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொன்ன யோசனைப்படி, சேர்த்துக்கொள்கிற சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு டீ ஸ்பூனுக்குள் இருந்தால் ரொம்ப நல்லது. எனக்கு ரெண்டாவது டீயோடு கோட்டா முடிந்துவிடுகிறது. மணி என்னவோ காலை பதினொன்றரைதான்.

இனிப்பே தொடாதவன்!

ஆபீஸ் கணக்கில் 'பெட்டி கேஷ்' என்று ஒன்று உண்டு. ஸ்டாம்பு, ஆட்டோ, குண்டூசி என்று சில்லறைச் செலவுக்கு எடுத்துக்கொடுக்கிற பணம். பெரிய செக்குக்கு மூணு கையெழுத்து கேட்கிற முதலாளி, பெட்டி கேஷை எட்டிப் பார்க்க மாட்டார். கம்பெனி ஓட்டை விழுவது அங்கேதான். உடம்பும் அப்படித்தான் சார். பிரியாணி பெரிய செக். தின்றால் மனசு உறுத்தும், ராத்திரி சாப்பாட்டைக் குறைப்போம். டீ பெட்டி கேஷ். அதைச் சாப்பாடு என்றே நாம் ஒத்துக்கொள்வதில்லை. வயிறும் ஒத்துக்கொள்வதில்லை, மென்று தின்கிறதில் வருகிற நிறைவு குடிக்கிறதில் வராது. நாலு டீயின் 360 கலோரி உள்ளே போன பிறகும் மத்தியானம் அதே அளவு சோறு இறங்கும்.

எங்க ஊரில் இந்தப் பெட்டி கேஷுக்கு வேறு சில வாசல்களும் உண்டு.

ஒன்று மக்ரூன். தூத்துக்குடியிலிருந்து யார் வெளியூர் போனாலும் கையில் அந்த டப்பா இருக்கும். முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, முந்திரித் தூள் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் காய விடுகிற சமாசாரம். வாயில் போட்டால் காணாமல் போய்விடும். "வெறும் காத்துதானல, சாப்பிடு" என்பான் நண்பன். காற்று என்பது கன அளவில்தான். எடையில் அது சீனியும் முந்திரியும். நூறு கிராமுக்குச் சுமார் 450 கலோரி. சரக்கு கப்பல் ஏறிய சந்தோஷத்தில் முதலாளி டப்பா வாங்கி வந்தால், வவுச்சரை டைப் அடித்துக்கொண்டே ஐம்பது கிராம் காற்றை நான் தனி ஆளாக முடிப்பேன்.

இன்னொன்று கருப்பட்டிக் காபி. உடன்குடி பக்கத்திலிருக்கிற எங்களுக்குக் கருப்பட்டி மேல் தனி பக்தி. "சீனிதான் விஷம், கருப்பட்டி மருந்து" என்று சொல்லி ஒரு கை கூடவே போடுவோம். வாசனை உண்டு, கொஞ்சம் தாதுச்சத்து உண்டு. ஆனால் பெரும் பங்கு அதுவும் சர்க்கரையேதான். கலோரியும் சீனியை ஒட்டியே வரும். நிறம் மாறினால் ஜாதி மாறிவிடாது.

சென்னையிலிருந்து வந்த மச்சான் ஒருநாள் கண்ணாடிக் கதவு போட்ட காபி ஷாப்புக்குக் கூட்டிப் போனான். மேலே கிரீம், அதற்கு மேலே சாக்லேட் கோலம் போட்ட குளிர்ந்த காபி ஒன்றைக் காட்டி, "இதுதான் இங்க ஸ்பெஷல்" என்றான். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு எண். 410. விலையோ என்று ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. இல்லை, கலோரி! நாலரை அண்ணாச்சி டீ ஒரே டம்ளரில்.

பத்து ஊர்களிலோ இடங்களிலோ கிளை வைத்திருக்கிற பெரிய உணவுக் கடைகள், ஒவ்வொரு அயிட்டத்துக்கும் கலோரி எத்தனை என்று மெனுவிலேயே போட வேண்டும் என்பது நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2022 ஜூலையிலிருந்து அமல். அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 2008லேயே இதைத் தொடங்கியது. 2018ல் அந்த நாடு முழுக்க வந்தது. யோசித்துப் பார்த்தால், கண்ணாடிக் கதவுக்காரர் உங்களிடம் கணக்கைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்குகிறார். அண்ணாச்சி கடைக்கு அந்தச் சட்டம் கிடையாது, இருக்கவும் வேண்டாம். அங்கே போர்டு எழுத வேண்டியது நாமேதான்.

சர்க்கரை நோய்க்குச் சீனி மட்டும் காரணம் இல்லை. பரம்பரை உண்டு, உட்கார்ந்தே இருக்கிற வேலை உண்டு, தொப்பை உண்டு. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு சுகர் என்றும், என்னைப் போலத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் 13 கோடிக்கு மேல் என்றும் சொல்கிறது. பரம்பரையை நான் மாற்ற முடியாது. தொப்பையை மாற்றலாம். முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேலான இந்த ஊரில், படலம் படலமாக ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்தது என் வயிறு மட்டும்தான்!

மறுநாள் கடையில் போய், "அண்ணாச்சி, சீனி இல்லாம ஒண்ணு" என்றேன்.

கடையே திரும்பிப் பார்த்தது.

"என்ன தம்பி, வீட்ல எதும் சண்டையா?"

"அதெல்லாம் இல்ல."

"அரைச் சீனி போடட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி."

"சீனி இல்லன்னாலும் அதே ரேட்டுதான், பாத்துக்கிடும்."

நண்பர்கள் இன்னும் மோசம். 'தாத்தா வந்துட்டாரு' என்றார்கள். ஆபீஸில் டீ என்பது டீ மட்டுமா? முதலாளியைத் திட்ட, சம்பள உயர்வு பற்றிப் பேச, பெண் பார்த்துவிட்டு வந்த கதையைக் கேட்க. அதை விட என்னால் முடியாது. அதனால் நாலு தடவையும் போனேன். ரெண்டு தடவை மட்டும் குடித்தேன், அதுவும் சீனி இல்லாமல். வடை வாரத்துக்கு ரெண்டு. முதல் வாரம் டீ கஷாயம். ரெண்டாவது வாரம் தண்டனை. மூணாவது வாரம்தான் ஒரு விஷயம் தெரிந்தது: டீக்குச் சொந்தமாக ஒரு ருசி இருக்கிறது. பதினைந்து வருஷமாக அதை நான் குடித்ததே இல்லை.

சாயங்காலம் பீச் ரோட்டில் ஒரு மணி நேரம் நடை. ஆறு மாசத்தில் ஏழு கிலோ இறங்கினேன். சர்க்கரை 101, ஹெச்பிஏ1சி 5.7. "இன்னும் திண்ணைதான். ஆனா ஓரத்துக்கு வந்துட்டீங்க" என்றார் டாக்டர். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். ஒரு காலைத் தெருவில் ஊன்றியபடி.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும்.

அப்பா இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து, அவர் வழக்கமாகப் போகிற பழைய துறைமுகத்து டீக்கடையில் பாக்கி தீர்க்கப் போனேன். கடைக்காரப் பெரியவர் நோட்டை எடுத்தார். அப்பா பக்கத்தைத் திறந்தார். பேனாவால் மேலிருந்து கீழே ஒரே கோடு கிழித்தார். "எனக்கு அவுஹ ஒண்ணும் தர வேண்டாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பக்கம் பூராவும் கோடுகள் இருந்தன. நாலு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒரு இழுப்பு. அடுத்து நாலு, ஒரு இழுப்பு. கடைசி வரி வரைக்கும். அன்றைக்கு அது எனக்கு வெறும் டீக்கடை பாக்கியாகத்தான் தெரிந்தது. அப்பா எல்லா டாக்டரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதிலில் பாதியாவது அதில் இருந்தது என்று, என் பக்கத்தை எண்ணின பிறகுதான் உறைத்தது. ஆயிரம் மூட்டையைப் பிசகாமல் எண்ணியவர், அதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது அந்த வேலையை விட்டுவிட்டேன். ஆனாலும் வாரத்துக்கு ரெண்டு நாள் அண்ணாச்சி கடைக்குப் போவேன். தூரத்தில் என் தலை தெரிந்ததுமே உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்:

"மாஸ்டர், கணக்குப்பிள்ளைக்கு ஒண்ணு!"

அந்தக் கடையில் கணக்குப்பிள்ளை டீ என்றால் சீனி போடாத டீ என்று அர்த்தம். போன வாரம் எனக்குத் தெரியாத ஒரு சின்னப் பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு தொங்க, "அண்ணாச்சி, எனக்கும் ஒரு கணக்குப்பிள்ளை" என்றான்.

அவன் டீக்கும் சேர்த்து என் பக்கத்தில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.